மாமியாருக்குக் கொண்டுபோன சர்க்கரை

செய்தி வந்தபோது காலை பதினொன்று பத்து. பதினொன்று ஐந்துக்குத்தான் இருபத்து நான்கு இரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்துப் பத்து நிமிடத்துக்குத் திருகியிருந்தேன், அதனால் நேரம் மறக்கவில்லை. என் மனைவி ஜோவியா கைப்பேசியில் கூப்பிட்டாள். அவள் அழவில்லை. "அம்மா கடையில அடுப்புகிட்ட விழுந்துட்டாங்க. டாக்சிக்காரங்க தூக்கிட்டு ஓடினாங்க. ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டறதுக்குள்ள போயிட்டாங்க," என்றாள். பிறகு, "நீங்க வேலையை முடிச்சிட்டே வாங்க," என்றாள்.

நான் வேலையை முடித்துவிட்டேதான் போனேன். இயந்திரம் நிற்கும்வரை அதன் பக்கத்தில் நின்றேன். குழாய்களை எடுத்தேன். மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரை ஒவ்வொன்றாகச் சின்னக் குப்பிகளுக்கு மாற்றி, எண் ஒட்டி, உறைபெட்டியில் அடுக்கினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. அன்றைக்கு என் கை கொஞ்சம் நடுங்கியிருந்தால் இன்று என்மேல் எனக்குச் சிறிது மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

இறந்தவர் என் மாமியார் லோஸிரா நகபுகோ. வயது அறுபத்தாறு. பன்னிரண்டு வருடம் அவருக்கு மருமகனாக இருந்தேன். ஜோவியா வைத்திருக்கும் பழைய புகைப்படத்தில் தவிர அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஜனங்களில் மருமகனும் மாமியாரும் ஒரே அறையில் இருப்பதில்லை, எதிரெதிரே நிற்பதில்லை. தெரியாமல் உடம்பில் உடம்பு பட்டுவிட்டால் மருமகனுக்குக் கைகால் உதறும் நோய் வரும் என்பார்கள். நான் தலைநகர் கம்பாலாவில் மூன்று வருடம் ஆய்வுக்கூடப் படிப்பு படித்தவன். நோய் எதனால் வருகிறது, எதனால் வராது என்று தெரிந்தவன். ஆனாலும் அந்த வீட்டுக்குப் போனால் நட்டுவைத்த கல்போல் ஒரே இடத்தில், முன்னறை முக்காலியில், கதவுத் திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். திரைக்கு அந்தப் பக்கம் அவர் பாய் விரித்து உட்காருவார். பழுப்புத் துணி, அதில் வெளுத்துப்போன பெரிய பூக்கள். அந்தத் துணியோடுதான் பன்னிரண்டு வருடம் பேசினேன்.

பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. முதல் வருடம் நான் தயங்கித் தயங்கிப் பேசுவதைக் கேட்டு, "மாப்பிள்ளை, திரை ரொம்ப மெல்லிசு. இவ்வளவு மரியாதையா பேசினா உங்க குரல் அதைத் தாண்டி வராது," என்றார். இன்னொரு நாள் காற்றில் திரை ஆடியபோது, "பிடிங்க, பிடிங்க. உங்களுக்குக் கை உதற ஆரம்பிச்சா ஆபீஸ்ல ஊரான் ரத்தத்தை எல்லாம் தரையில கொட்டிடுவீங்க," என்றார்.

அவர் ஏரிக்கரையில் மீன் இறக்கும் ஊரில் பிறந்தவர். பதினெட்டு வயதில், காப்பிக்கொட்டை வாங்கி விற்கும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு கியம்புலா என்ற சாலைச் சந்திப்புக்கு வந்தார். மூன்று பிள்ளைகள். தொண்ணூற்றிரண்டில் கணவர் போனார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஆள் மெலிந்து மெலிந்து சாகும் அந்த நோய் வீட்டுக்கு வீடு புகுந்திருந்தது. கணவர் போனால் மனைவியும் பின்னாலேயே போவாள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அடக்கம் முடிந்து வந்தவர்கள் லோஸிராவின் கன்னத்தையும் தோளையும் பார்த்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகளை யார் யார் எடுத்துக்கொள்வது என்றுகூடப் பேசி முடித்துவிட்டார்களாம். அவருக்கு அந்த நோய் இல்லை. இரண்டு முறை சோதித்தும் இல்லை. ஆனால் சோதனைக் காகிதத்தை யார் நம்பினார்கள்? உடம்பைத்தான் நம்பினார்கள். "கியம்புலாவே நான் எலும்பாகறதைப் பாக்கக் காத்துக்கிட்டு இருந்துச்சு மாப்பிள்ளை. நான் அவங்க கண்ணு முன்னாடியே குண்டானேன்," என்று சொல்லிச் சிரிப்பார். முக்காலிவரை அதிரும் சிரிப்பு. முப்பது வருடமாக அவருடைய இடுப்புச் சுற்றளவுதான் அவருடைய நற்சான்றிதழ். அதில் ஒரு அங்குலத்தைக்கூட அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

சந்திப்பில் சாப்பாட்டுக் கடை போட்டார். வாழை இலையில் பொதிந்து வேகவைத்த மத்தோக்கே என்னும் வாழைக்காய் மசியல், மேலே ஊற்ற நிலக்கடலைக் குழம்பு, குவளை நிறையப் பால் தேநீர். டாக்சி ஓட்டுகிறவர்கள்தான் வாடிக்கை. தேநீரில் சர்க்கரை அவர் கையால்தான் போடுவார், மூன்று கரண்டி. எவனாவது குறைக்கச் சொன்னால், வீட்டில் பெண்டாட்டி கோபித்துக்கொண்டாளா, அதற்காக என் தேநீரை ஏன் தண்டிக்கிறாய் என்பார். அந்தக் கடையில்தான் மூன்று பேரைப் படிக்கவைத்தார். தகரக் கூரை போட்டார். ஜோவியாவை ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்பினார்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். வெறுங்கையோடு போகிற மருமகன் எங்கள் ஊரில் கிடையாது. ரொட்டி, சோப்பு, சில சமயம் அரைக் கிலோ கறி. எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு கிலோ சர்க்கரை. மற்றதெல்லாம் அன்பளிப்பு, சர்க்கரைதான் மரியாதை. பொட்டலத்தைத் திரைக்கு அடியில் தள்ளுவேன். கொழுத்த விரல்கள் வந்து அதை உள்ளே இழுக்கும். "மாப்பிள்ளை வந்திருக்கார்," என்று பின்பக்கத்துக் கதவு வழியாக அண்டை வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வார்.

போன வருடம் எங்கள் பக்கத்துக்கு அந்த ஆய்வு வந்தது. அறுபது வயது தாண்டியவர்களில் யாருக்குச் சர்க்கரையும் கொழுப்பும் இரத்த அழுத்தமும் பெருத்த வயிறும் ஒன்றுசேர்ந்து உள்ளிருந்து அரிக்கின்றன, அதை மலிவான இரத்தச் சோதனை எது சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் என்று பார்க்கிற ஆய்வு. நல்ல ஆய்வுதான். அதை நான் இன்றும் மறுக்கவில்லை. எண்ணூறு பேர். ஒருமுறை இரத்தம் எடுத்து, எட்டு மாதம் கழித்து மறுபடி எடுக்கவேண்டும். வீடு வீடாகப் போய் விடிகாலையில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பது சிஸ்டர் பிராக்செடா. குழாய்கள் வந்து சேருகிற இடம் என் மேசை. குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடைய இரத்தம் என்று எனக்குத் தெரியக் கூடாது, அதற்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தேன்.

என் மாமியார் எந்த விஷயத்தையும் அடக்கி வைக்கிறவர் இல்லை. பிப்ரவரி ஞாயிறு நான் போய் முக்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "மாப்பிள்ளை, நானும் உங்க ஆபீஸ்ல சேந்துட்டேன். என் நம்பர் நானூத்திப் பதினேழு," என்றார்.

எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்றேன்.

"நீங்க யாரோவா? ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. என் ரத்தத்தை நீங்க தொடலாமா? முறை என்ன சொல்லுது?"

 அவரே தீர்ப்பும் சொன்னார்: "கையுறை போட்டுக்கிட்டுத்தானே தொடுவீங்க? அப்ப அதுதான் திரை. ஒண்ணும் ஆகாது. என் ரத்தம் கெட்டியா, நல்லா இருக்கும் பாருங்க. அந்தக் காலத்துலயே சோதிச்ச ரத்தம்."

அன்று திரும்பி வரும்போது பேருந்தில் எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். அதை நினைத்தால் இப்போது எரிகிறது.

மார்ச் மாதம் அந்தத் தொகுப்பின் முடிவுகள் இயந்திரத்திலிருந்து வந்தன. பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தேன். நானூற்றுப் பதினேழு: வெறும் வயிற்றில் சர்க்கரை, எங்கள் இயந்திரம் காட்டும் அளவையில், ஒன்பது புள்ளி ஒன்பது. ஐந்தரையைத் தாண்டினாலே கவனிக்கவேண்டும், ஏழைத் தொட்டால் அது நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் சோதனை எட்டு புள்ளி நான்கு, ஆறரையே அதிகம். டிரைகிளிசரைடு கொழுப்பு நான்கு புள்ளி ஒன்று, இருக்கவேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு. நல்ல கொழுப்பு பெண்களுக்கு ஒன்று புள்ளி மூன்றாவது இருக்கவேண்டும். அவருக்கு அதில் பாதி. அதே சுற்றில் ஓட்டிய மற்ற குழாய்கள் சரியாகத்தான் இருந்தன, இயந்திரம் தவறவில்லை. மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதே எண்கள் வந்தன.

முப்பது வருடம் ஊருக்குக் காட்டிய அந்த உடம்பு உள்ளே இப்படி இருந்தது. அது எனக்கு மட்டும் தெரிந்தது.

ஆய்வின் தலைவர் டாக்டர் துமுசீமேயிடம் போனேன். மேற்கு மலைப்பக்கத்துக்காரர், கெட்டவர் இல்லை, யாரையும் அதட்டிப் பேசாதவர். நானூற்றுப் பதினேழின் முடிவுகள் மோசமாக இருக்கின்றன, அந்த ஆளுக்குச் சொல்லவேண்டும் என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். "வெறும் வயித்துல பதினஞ்சைத் தாண்டினாத்தான் உடனே சொல்லணும்னு விதி. இது பத்துகூட இல்லையே, செகித்தோ."

"பத்து இல்லைன்னாலும் நோய் நோய்தானே சார்."

"இதுமாதிரி இருநூறு பேர் இருக்காங்க. இப்பவே சொன்னா சாப்பாட்டை மாத்துவாங்க, மாத்திரை போடுவாங்க. அப்புறம் ரெண்டாவது ரத்தம் எதைக் காட்டும்? எல்லாருக்கும் சேத்துக் கடைசில சொல்லத்தான் போறோம். எட்டு மாசம்." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்த ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொன்னால் நான் போட்ட கையெழுத்தை மீறியவன் ஆவேன். டிசம்பரில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது.

"தெரியாது சார்," என்றேன்.

பைபிளில் மூன்று முறை தெரியாது என்று மறுத்தவனைப்போல் ஆகிவிட்டேன், சேவல் கூவாததுதான் பாக்கி என்று பின்னால் சிஸ்டர் பிராக்செடாவிடம் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் அந்த ஒப்பந்தத்தில்தான் இருந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

ஏன் ஜோவியாவிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதைத்தான் நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து ஒரு காரணம். இன்னொன்று வெட்கம். மாமியாரின் முகத்தையே பார்க்கக் கூடாதவன் அவர் உடம்புக்குள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, உன் அம்மாவின் இரத்தம் இப்படி இருக்கிறது என்று மகளிடம் சொல்வதா? நாக்கு எழவில்லை. படித்தவன் என்கிறார்கள். அந்தப் படிப்பு நாக்குவரை வரவில்லை.

நான் செய்தது ஒரு திருட்டு வேலை. ஏப்ரல் ஞாயிறு சர்க்கரை வாங்கவில்லை. ரொட்டியும் விட்டேன். சோப்பு இரண்டு கட்டி, வெண்ணெய்ப் பழம் ஆறு, புகையில் வாட்டிய மீன் ஒரு கட்டு. பொட்டலம் பெரிதாகத்தான் இருந்தது. விரல்கள் உள்ளே இழுத்தன. பையைத் துழாவும் சத்தம் கேட்டது.  அன்று பின்பக்கத்துக் கதவு வழியாக அண்டை வீட்டுக்கு அவர் எதுவும் சொல்லவில்லை.

மே மாதமும் அப்படியே. ஜூனில் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "உங்க பக்கம் கரும்பெல்லாம் காஞ்சு போச்சா மாப்பிள்ளை?" நான் மழையைப் பற்றி எதையோ சொன்னேன். "மழை இங்கயும்தான் பெய்யுது. இங்க கடையில சர்க்கரை கிடைக்குது," என்றார்.

அந்த வாரமே வீட்டில் வெடித்தது. ஜோவியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வைத்ததும் என்னை உட்காரச் சொன்னாள். அம்மா மூன்று மாதமாகத் தூங்கவில்லை என்றாள். மகள் ஏதாவது தப்புச் செய்துவிட்டாளா, மருமகன் அதை வாயால் சொல்லாமல் கையால் சொல்கிறாரா என்று கேட்கிறாராம். அண்டை வீட்டுக்காரி ஒருத்தி வேறு மாதிரி சொன்னாளாம்.

"என்ன சொன்னா?"

"அந்த ரெண்டு கிலோ இப்ப வேற திரைக்கு அடியில போகுதுன்னு."

நான் வேறு எங்கும் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் கண்ணில் ஒரு கணம் அந்தக் கேள்வி இருந்தது. அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? சர்க்கரை விலை ஏறிவிட்டது என்றேன். பன்னிரண்டு வருடத்தில் நான் சொன்னதிலேயே கேவலமான வார்த்தை அது. ஜோவியா என்னைப் பார்த்த பார்வையில், கள்ள உறவுக்காரனாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அவளுடைய சித்தப்பா கலூலேயிடமிருந்து ஆள் வந்தது. ஜூலை ஞாயிறு வந்து பேசும்படி. மருமகனைக் கூப்பிட்டுப் பேசுகிற அளவுக்குப் போய்விட்டால் வெறுங்கையோடு நிற்க முடியாது. போனேன். ஒரு சேவல். நான்கு கிலோ சர்க்கரை.

நான்கு கிலோ. எட்டு புள்ளி நான்கு என்கிற எண் என் தலைக்குள் இருந்தபோதே கடைக்காரனிடம் நான்கு என்று விரலைக் காட்டினேன். அவன் தராசில் வைத்தபோது நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று மைல், போடா போடா என்கிற வாடகை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

கலூலே பெரியவர், நல்லவர், வாய் ஓயாதவர். முன்னறையில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் பொட்டலத்தைத் திரைக்கு அடியில் தள்ளினேன். உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது.

"மாப்பிள்ளை வந்திருக்கார்," என்றார் என் மாமியார், பின்பக்கத்துக் கதவைப் பார்த்து. குரல் கொஞ்சம் உடைந்தது. பிறகு உடனே அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

நான் ஒரு முயற்சி செய்தேன். "அத்தை, வயசாகுது. சர்க்கரையைக் கொஞ்சம் பாத்து..."

"பாத்துத்தான் போடறேன். கண்ணு நல்லாத்தான் தெரியுது," என்றார். "ஏன், இதுலயும் ரெண்டு கிலோ மிச்சம் பிடிக்கலாம்னு பாக்கறீங்களா?"

கலூலே தொடையில் தட்டிச் சிரித்தார். ஜோவியா சிரித்தாள், மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக. நானும் சிரித்தேன். உள்ளே குவளையில் கரண்டி இடிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதும் விழுந்தது, சந்தோஷத்தில்.

சிஸ்டர் பிராக்செடா என்னைவிடத் துணிச்சல்காரி என்று சொல்லவேண்டும். ஒரு நாள் சந்திப்பில் சாப்பிட உட்கார்ந்தவர், எதையும் சொல்லாமல், சுகாதார நிலையத்துக்குப் போய் ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எல்லாரிடமும் சொல்கிற மாதிரி. என் மாமியார் போனார். கடையை மூடிவிட்டுப் போனார், அது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. இரத்தச் சொட்டை வைத்துச் சோதிக்கும் குச்சி தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரமும் போனார். அப்போதும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் என் பின்னால் இருக்கும் அலமாரியில் அந்தக் குச்சிகள் பெட்டி பெட்டியாக இருந்தன. ஆய்வுக்கு மட்டும் என்று மேலே எழுதியிருந்தது.

ஆகஸ்ட் ஞாயிறு நான் போனபோது அவர் குரல் களைத்திருந்தது. ஜோவியா பின்பக்கம் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும்தான், நடுவில் அந்தத் துணி. கால் மரத்துப்போகிறது என்றார். தாகம் அடங்கவில்லை, இரவில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்றார். மருமகனிடம் அதைச் சொல்கிறவர் இல்லை அவர். சொல்கிறார் என்றால் பயந்திருக்கிறார்.

பிறகு கேட்டார்.

"அங்க குச்சி இல்லைங்கறாங்க மாப்பிள்ளை. உங்க ஆபீஸ்ல அன்னைக்கு அத்தனை குழாய் எடுத்தாங்களே. அதுல ஒண்ணும் தெரியலையா?"

இதைவிட நேராக ஒருவர் கேட்க முடியாது. முறை, வெட்கம், நாக்கு என்று நான் இதுவரை எழுதிய காரணங்களை எல்லாம் அவரே ஒதுக்கித் தள்ளிவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆமாம் என்ற வார்த்தை.

"முடிவெல்லாம் கடைசிலதான் வரும் அத்தை," என்றேன்.

பாயில் அவர் காலை நீட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "நல்லதாத்தான் இருக்கும். கெட்டதா இருந்தா நீங்க என்கிட்ட சொல்லாம இருப்பீங்களா?" என்றார். எனக்குச் சமாதானம் சொல்கிற குரலில் சொன்னார்.

அன்றும் இரண்டு கிலோ கொண்டுபோயிருந்தேன்.

செப்டம்பரில் அவர் விழுந்தார். இரண்டாவது இரத்தம் எடுக்க இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. மூளையில் இரத்தக்குழாய் அடைத்திருக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பெயர் எதுவானாலும் எனக்கு அது புதிதில்லை.

அடக்கத்துக்கு, உடலைச் சுற்றும் மரப்பட்டைத் துணி கொண்டுபோனேன், மருமகன் கொண்டுபோக வேண்டியது அது. டாக்சிக்காரர்கள் நாற்பது பேர் வண்டிகளைச் சந்திப்பிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். கடைசியாக முகம் பார்க்க எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் மருமகன்களுக்கு இடம் இல்லை. வேலியோரம், வாழைகளுக்கு நடுவில் நின்றேன். பேசியவர்களில் பாதிப் பேர் அவருடைய உடம்பைப் புகழ்ந்தார்கள். கடைசிவரை ஒரு சுற்றும் இளைக்கவில்லை, கொடுத்து வைத்தவள், நோய் நொடி இல்லாமல் போனாள் என்றார்கள். நான் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைப் பிடுங்கி யாரையாவது அடிக்கவேண்டும் போலிருந்தது. யாரை என்று தெரியவில்லை.

நான்காம் நாள் ஜோவியாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும், எண்களோடு. ஏப்ரலில் சர்க்கரை ஏன் நின்றது என்பதையும், ஜூலையில் ஏன் வந்தது என்பதையும். முறையைப் பற்றிச் சொன்னேன், திரையைப் பற்றிச் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது எங்கம்மா," என்றாள். "இந்தப் பக்கம் நான் இருந்தேன். பன்னெண்டு வருஷமா உங்க பக்கத்துல படுத்திருந்தேன். என்கிட்ட சொல்லறதுக்கு எந்தத் துணி தொங்கிச்சு?"

  அவள் மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். துக்கம் முடிகிறவரை என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறாள். எனக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை.

வேலைக்குத் திரும்பியபோது டாக்டர் துமுசீமே என் மேசைக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் பிராக்செடா அவரிடம் சொல்லியிருக்கிறார். "நானூத்திப் பதினேழு உங்க மாமியாரா? எனக்குத் தெரியாதே. சொல்லியிருக்கலாமே, செகித்தோ. ஏதாவது வழி பண்ணியிருப்போம்."

"சொன்னேன் சார்," என்றேன். "மார்ச் மாசம். நீங்க பத்துகூட இல்லைன்னீங்க. யாரோ ஒரு பொம்பளையா இருந்தப்ப இல்லாத வழி, என் மாமியார்ன்னா எங்கிருந்து வரும்?"

இருபது வருட வேலையில் மேலதிகாரி ஒருவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல்முறை. மற்ற இருநூறு பேருக்கும் நாளைக்கே சொல்லுங்கள் என்றேன். குழுவில் வைக்கிறேன் என்றார். வைத்தார். பரிசீலனையில் இருக்கிறது. நான் காத்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்தவை எண்கள்தான், ஆட்கள் இல்லை. அதனால் அலமாரியிலிருந்து ஆறு பெட்டிக் குச்சிகளை எடுத்துக்கொண்டுபோய்ச் சுகாதார நிலையத்து மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அது திருட்டுத்தான். கேட்டால் ஒப்புக்கொள்வேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

நானூற்றுப் பதினேழின் கோப்பை மூடும் பொறுப்பு ஆய்வுக்கூடத்தில் என்னுடையது. அதற்கு ஒரு படிவம் உண்டு, ஐந்து வரிகள். எண், வயது, விலகிய காரணம், மீதமிருக்கும் குப்பிகள் எத்தனை என்பதை எல்லாம் எழுதிவிட்டேன். ஐந்தாவது வரி, சோதனை முடிவு அவருக்குத் தெரிவிக்கப்பட்ட தேதி. ஏதாவது ஒரு தேதியைப் போட்டு அனுப்பு, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று கணினிப் பிரிவில் சொல்கிறார்கள், அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கோப்பு மூடாதாம். இன்றோடு முப்பத்தோரு நாள் ஆகிறது. அந்தக் கட்டத்தில் நான் எதுவும் எழுதவில்லை.